வேதபுரீசுவரர் கோயில் இடிப்பு (1748)

வேதபுரீசுவரர் கோயில் இடிப்பு என்பது, புதுச்சேரியில் இருந்த பழைய சிவன் கோயில் 1748 செப்டம்பரில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் ஆட்சியில் தகர்க்கப்பட்ட நிகழ்வாகும். மரக்காணம் உப்பளக் கடற்கரைக்குத் தெற்கே அமைந்த இந்நகரில், பிரெஞ்சு அரசின் சமயக் கொள்கை தமிழர் வழிபாட்டுடன் நேரடியாக மோதியதற்கு இது முதன்மையான சான்றாகக் கருதப்படுகிறது.

பின்னணி

பிரான்சில் 1562 முதல் 1598 வரை நடந்த சமயப் போர்களின் முடிவில், நான்காம் என்றி மன்னர் நான்ட் ஆணையின் மூலம் ஹியூகெனாட்டுகள் எனப்பட்ட சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு வழிபாட்டுரிமை அளித்தார். பதினான்காம் லூயி 1685-இல் அவ்வாணையை நீக்கினார். அவர்களின் கோயில்கள் இடிக்கப்பட்டன. நாட்டை விட்டு வெளியேறுவது தடை செய்யப்பட்டிருந்தும், நெசவாளர், கைவினைஞர் உட்படப் பெருந்தொகையினர் இங்கிலாந்து, ஒல்லாந்து, பிராண்டன்பர்க் ஆகிய இடங்களுக்குத் தப்பிச் சென்றனர்.

புதுச்சேரியில் 1674-இல் காலூன்றிய கிழக்கிந்தியக் கம்பனியும் இதே மன்னரின் பட்டயம் பெற்றதே. சேசு சபையினர் இங்கும் இந்துக் கோயில்களையும் திருவிழாக்களையும் ஒடுக்குமாறு வற்புறுத்தி வந்தனர். ஆனால் கம்பனியின் வணிகம் துணியை நம்பியிருந்தது. துணியோ தமிழ் நெசவாளரையும் தரகரையும் நம்பியிருந்தது. மரக்காணம் முதலிய சுற்றுப்புற ஊர்கள் பிரெஞ்சு எல்லைக்கு வெளியே இருந்தமையால், ஊரை விட்டுப் போய்விடுவோம் என்பதே மக்களின் வலிமையான ஆயுதமாயிற்று. 1715-இல் சமயக் கட்டுப்பாடுகளை எதிர்த்து இவ்வாயுதம் கையாளப்பட்டது. மறு ஆண்டில் தலைமைத் தரகர் நைனியப்ப பிள்ளை கைதானார். அவருக்குச் சாட்டையடியும் சிறையும் தண்டமும் விதிக்கப்பட்டன. 1717-இல் அவர் சிறையிலேயே இறந்தார். அவர்மீதான தீர்ப்பு பின்னர் பிரான்சில் தள்ளுபடியானது.

இடிப்பு

வேதபுரீசுவரர் கோயில் சேசு சபையினரின் சம்பா கோயிலை ஒட்டி இருந்தது. அதை அகற்ற அவர்கள் ஐம்பது ஆண்டுகளாக முயன்றும், இது தமிழர் நாடு என்று கூறி முந்தைய ஆளுநர்கள் மறுத்து வந்தனர் என்று ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) தம் நாட்குறிப்பில் எழுதுகிறார். நைனியப்பரின் உறவினரான இவர் அப்போது துய்ப்ளேயின் தலைமைத் துபாசி.

1748-இல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் பொஸ்காவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். முற்றுகைக் காலத்தில் மக்கள் வெளியேறுவர் என்ற அச்சுறுத்தல் பொருளற்றுப் போனது. போர் வீரர் காவலுடன் பொறியாளரும் பாதிரியார்களும் கொத்தர்களும் கூலியாட்களும் கடப்பாரை, மண்வெட்டியுடன் வந்து இடிக்கத் தொடங்கினர். கேர்தூ பாதிரியார் கருவறையைக் காலால் உதைத்தார் என்கிறது நாட்குறிப்பு. சமற்கிருதத்துக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவைப் பின்னர் 1767-இல் பாரிசு அறிஞர்களுக்கு எடுத்துக்காட்டியவரும் இவரே.

அருகிலிருந்த பள்ளிவாசலையும் இடிக்க முற்பட்டபோது, சிப்பாய்த் தலைவர் அப்துல் ரகுமான் தம் வீரர் எவரும் இனி ஊழியத்தில் இரார் எனக் கண்டித்ததால் அவ்வேலை நிறுத்தப்பட்டது என்றும் பிள்ளை குறிக்கிறார். முற்றுகை நடக்கையில் சிப்பாய்கள் இன்றியமையாதவர்கள். கோயிலுக்காகப் பேச வந்த சாதித் தலைவர்களிடம் அத்தகைய பிடி இருக்கவில்லை. பிள்ளை அவர்களின் ஒற்றுமையின்மையையே பெரிதும் நொந்துகொள்கிறார். எனினும் ஆளுநரின் ஊழியரான அவரது நிலையையும் கருத்தில் கொண்டே இக்குறிப்புகளைப் படிக்க வேண்டும்.

பிற்காலம்

அக்டோபரில் பொஸ்காவன் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். வேதபுரீசுவரர் கோயில் பின்னாளில் ஈசுவரன் கோயில் தெருவில் புதிதாகக் கட்டப்பட்டது.