ஃபைலில் உள்ள பட்டியலை டேட்டாபேஸ் டேபிளில் சேர்ப்பது எப்படி?

2018ம் ஆண்டு நவம்பர் 16ம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அப்போது நான் இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்துக் கொண்டிருந்தேன்.

தோப்பை இழந்தவர்களுக்கு வெளியூர் நண்பர்கள் சிலர் பணம் அனுப்ப முன்வந்தார்கள். ஊர்ப் பையன்கள் மூன்று பேர் வீடு வீடாகப் போய் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை எழுதி வாங்கி, ஆளுக்கொரு ஃபைலாக டைப் செய்தார்கள். “நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே, நீயே பாரு தம்பி” என்று மூன்றையும் ஒரே பட்டியலாக்கும் வேலை என்னிடம் வந்தது.

ஒரு ஃபைலில் ஒரு பெயர் பிழையாக இருந்தது. டபுள் கிளிக் செய்தேன். எக்செல்லில் திறந்தது. திருத்தி சேவ் செய்தேன். பிறகு ஆக்சஸில் இம்போர்ட் செய்தேன். எந்த எர்ரரும் வரவில்லை. பணம் அனுப்ப உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. 16 இலக்கக் கணக்கு எண் இருந்த இடத்தில் 1.23457 என்ற எண்ணும், ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும், +15ம் நின்றன. எழுதி வாங்கிய தாள்களும் மழையில் நனைந்து போயிருந்தன. மறுபடி வீடு வீடாக அலைந்தோம். கூரை போனவர்கள் உறவினர் வீடுகளுக்குப் போயிருந்தார்கள். பணம் பத்து நாள் தள்ளிப் போனது. அன்று அவர்களுக்குப் பத்து நாள் என்பது சின்ன விஷயமல்ல.

ஏன் இப்படி நடந்தது?

டேட்டாபேஸ் டேபிள் என்பது கட்டம் போட்ட நோட்டு மாதிரி. ஒரு வரி ஒரு ரெக்கார்டு. ஒவ்வொரு கட்டமும் ஒரு ஃபீல்டு. சிஎஸ்வி ஃபைலில் கட்டங்களுக்குப் பதில் கமா இருக்கும், அவ்வளவுதான். எந்த ஃபீல்டு எண், எந்த ஃபீல்டு எழுத்து என்பது அந்த ஃபைலில் இருக்காது. எனவே எக்செல் தானாக முடிவு செய்கிறது. இலக்கங்களைக் கண்டால் எண் என்று எடுத்துக்கொண்டு, முன்னால் உள்ள பூஜ்யங்களை நீக்கிவிடும். 15 இலக்கங்களுக்கு மேல் அதனால் நினைவில் வைக்க முடியாது. மீதி பூஜ்யமாகிவிடும். 12 இலக்க ஆதார் எண்ணையும் சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியாக சேவ் செய்தால், திரையில் காட்டியதே ஃபைலில் எழுதப்படும்.

சரியான வழி

1. வந்த ஃபைலை அப்படியே ஒரு காப்பி எடுத்து வையுங்கள். திருத்த வேண்டுமானால் நோட்பேடில் திறந்து திருத்துங்கள்.

2. ஆக்சஸில் எக்ஸ்டர்னல் டேட்டா, நியூ டேட்டா சோர்ஸ், ஃப்ரம் ஃபைல், டெக்ஸ்ட் ஃபைல் என்று வரிசையாகக் கிளிக் செய்யுங்கள். ஃபைலைக் காட்டி, புதிய டேபிளில் இம்போர்ட் செய்யும் முதல் ஆப்ஷனைத் தேர்வு செய்து ஓகே கொடுங்கள்.

3. விஸார்டில் டிலிமிட்டட் என்பதையும், அடுத்து கமா என்பதையும் தேர்வு செய்யுங்கள். முதல் வரியில் தலைப்புகள் இருந்தால் ‘ஃபர்ஸ்ட் ரோ கன்டெய்ன்ஸ் ஃபீல்டு நேம்ஸ்’ கட்டத்தில் டிக் செய்யுங்கள். “12, தெற்குத் தெரு” போன்ற முகவரியில் உள்ள கமா புதிய ஃபீல்டாகப் பிரிந்துவிடும். அதைத் தடுக்க ஃபைலில் முகவரி இரட்டை மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும். டெக்ஸ்ட் குவாலிஃபையர் பெட்டியிலும் அந்தக் குறியையே தேர்வு செய்யுங்கள்.

4. அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தி, கோட் பேஜ் பெட்டியில் யூனிகோட் யூடிஎஃப்-8 தேர்வு செய்தால் தமிழ்ப் பெயர்கள் சரியாக வரும். ஃபைலும் அதே முறையில் சேவ் ஆகியிருக்க வேண்டும்.

5. அடுத்த திரையில் கணக்கு எண் உள்ள பத்தியைக் கிளிக் செய்து, டேட்டா டைப்பை ஷார்ட் டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். முக்கியமான இடம் இதுதான்.

6. அடுத்தடுத்த ஃபைல்களுக்கு ‘அப்பென்ட்’ ஆப்ஷனைத் தேர்வு செய்தால் அதே டேபிளின் கீழே சேரும். ஃபீல்டு பெயர்கள் டேபிளில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

முடிந்ததும் ஃபைலில் எத்தனை பேர், டேபிளில் எத்தனை ரெக்கார்டு என்று எண்ணிப் பாருங்கள். ‘இம்போர்ட் எர்ரர்ஸ்’ என்று முடியும் டேபிள் உருவாகியிருந்தால், எந்த வரியில் கோளாறு என்பது அதில் இருக்கும். ஆனால் எனக்கு நடந்த தவறு அதில் வராது. எனவே பாஸ்புக் நகலோடு நாலைந்து ரெக்கார்டுகளையாவது ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு எண்ணைக் கூட்டிக் கழிக்கப் போகிறோமா என்று உங்களையே கேளுங்கள். மரங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவோம், அது எண். கணக்கு எண், ஆதார், செல்போன் எண் எதையும் யாரும் கூட்டுவதில்லை. அவை எழுத்து. இதை மட்டும் மறக்காதீர்கள்.