சயாமுக்குப் போனவர் பெயர் என்ன?

கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் குடும்பங்கள் பலவற்றில் பேசப்படாத பெயர் ஒன்று உண்டு. பெரியவர்களைக் கேட்டால், "அவர் சயாமுக்குப் போனவர்" என்பார்கள். அதற்குமேல் பேச்சு எழாது.

1942 ஜனவரி 11-ஆம் நாள் ஜப்பானியர் கோலாலம்பூரைக் கைப்பற்றினர். இரப்பர் ஏற்றுமதி தடைப்பட்டது. தோட்டங்களில் வேலையும் அரிசியும் அருகின. தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைக்க அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. முதலில் நல்ல கூலி என்று ஆசை காட்டினர். பின்னர் பலவந்தமாகப் பிடித்துச் சென்றனர். இலவசப் படம் பார்க்க வந்தவர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. மலாயாவிலிருந்து சென்றோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். 1943 அக்டோபர் 17-இல் பாதை இணைந்தது. அதற்குள் காலராவும் மலேரியாவும் பட்டினியும் பல்லாயிரவரை விழுங்கிவிட்டன.

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் நேச நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கின்றனர். பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் உண்டு. நம்மவர்க்கு அத்தகைய கல்லும் இல்லை, முறையான பெயர்ப் பட்டியலும் இல்லை. ஆகவே வீட்டுப் பெரியவர்களின் நினைவே அவர்களுக்குரிய ஒரே பதிவேடாகும்.

ஏன் மறைத்தனர்? கணவன் இருக்கிறானா, மாண்டானா என்றறியாத பெண், பிள்ளைகளின் பசிக்காக மறுமணம் புரிந்திருக்கலாம். தம்பியைக் காட்டில் புதைத்துவிட்டுத் தனியே திரும்பியவருக்கு அதைச் சொல்ல நா எழாமல் இருந்திருக்கலாம். இவற்றை இழுக்கு என்று நாம் கருதவில்லை.

அச்சத்தால் மறைத்த கதைகளும் உள. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு, துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். தலைவர் ஆர். எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். பிறகு யார்தான் வாய் திறப்பார்?

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பிரிக்ஃபீல்ட்ஸில் இரயில்வே ஊழியர் குடியிருந்த 'நூறு குவாட்டர்ஸ்' இடிக்கப்பட்டுவிட்டது. லயம் போனால் அண்டை வீட்டாரும் சிதறுகின்றனர். "ஆமாம், நானும் பார்த்தேன்" என்று சொல்ல ஆள் இல்லாமற் போகிறது.

பாட்டியிடம் எடுத்த எடுப்பில் சயாமைப் பற்றிக் கேட்க வேண்டாம். எந்தத் தோட்டம், எந்த லயம், கங்காணி யார் என்று தொடங்குங்கள். தோட்டத்திற்கு நம்மவர் வழங்கிய பெயரையும் பதிவுப் பெயரையும் சேர்த்துக் குறியுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய சிலாங்கூர்க் கோப்புகளைத் தேடப் பதிவுப் பெயரே உதவும். கைப்பேசியில் குரலைப் பதியலாம். அவர் இசைந்தால் மட்டுமே. இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். அழுதால் அன்று நிறுத்திவிடுங்கள். மற்றொரு நாள் அவரே தொடங்குவார்.

பழைய படம் இருப்பின், அதில் இருப்பவர் பெயரைப் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறி முகத்தைக் கெடுத்துவிடும்.