வெறும் பைக்கும் கணக்கு வேண்டும்

கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் சுயதொழில்கள் பற்றி எழுதப் போனால், "சரக்கு எவ்வளவு இருக்கு?" என்பதோடு "பை எத்தனை இருக்கு?" என்றும் கேட்பேன். யுத்தத்துக்கும் 2004 சுனாமிக்கும் பின் கடன்பட்டுத் தொடங்கிய தொழிலை ஒரு வெறும் பை நிறுத்திவிடும்.

பெரிய குடிபான ஆலைகளின் மென்பொருள் போத்தல், மூடி, லேபல், பெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியே பதிகிறது. அடைத்து முடிந்ததும் அவை இருப்பிலிருந்து கழியும். மூடி தீர்ந்தால், பானம் இருந்தும் விற்க முடியாது.

அரிசிமா, மிளகாய்த்தூள் பொதியிடுவோருக்கும் இதே கணக்குத்தான். ஒரு கொப்பி போதும். மாதத் தொடக்கத்தில் 400 பை. வந்தது 500. நிரப்பியது 600. கிழிந்தது 10. மீதி 290 இருக்க வேண்டும். எண்ணினால் 275 என்றால், 15 பை எங்கே? அச்சிட்ட பை வெளியே போனால், உங்கள் பெயரில் வேறொருவர் கலப்பட மாவை விற்கலாம்.

அடுத்தது, எப்போது ஓடர் கொடுப்பது? நாளுக்கு 20 பை, அச்சகத்துக்கு 10 நாள்: 200. தாமதத்துக்கு 5 நாள்: 100. ஆகவே இருப்பு 300 ஆனதுமே ஓடர் கொடுக்க வேண்டும்.

அதற்காக அள்ளி வாங்கவும் கூடாது. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது விலைகள் தாறுமாறாக ஏறின. பையில் அச்சிட்ட பழைய விலை அப்போது உதவாது. விலையையும் திகதியையும் தனி லேபலில் ஒட்டுங்கள்; பை வீணாகாது.