ஆட்டோவில் பளிச், புரோ மோடில் இரைச்சல்: ஏன்?

இரவில் ஒரே ஃபோனில், ஒரே தெருவை ஆட்டோவில் ஒன்றும் புரோ மோடில் ஒன்றுமாகப் படம் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆட்டோ படமே தெளிவாக இருக்கும். நாமே அமைத்து எடுத்ததில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும்.

ஃபோனின் சென்சார் மிகச் சிறியது. மங்கிய வெளிச்சத்தில் அதன்மீது விழும் ஒளி கொஞ்சம்தான். ஆட்டோ இதைக் கணக்கால் ஈடுகட்டுகிறது: வேகவேகமாகப் பல படங்களை எடுத்து, கை நடுக்கத்தால் விலகியவற்றைப் பொருத்தி, ஒன்றாக்குகிறது. காட்சி அப்படியே இருக்கும். இரைச்சலோ படத்துக்குப் படம் தாறுமாறாக மாறும். ஆகவே சராசரி எடுத்தால் அது அடங்குகிறது. 9 படங்களைச் சேர்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். கூகுள் 2018இல் தந்த நைட் சைட் என்ற இரவுப்பட வசதி 15 படங்கள் வரை சேர்த்தது. அருமையான வேலை அது!

புரோ மோடில் பல ஃபோன்கள் ஒரே படத்தைத்தான் எடுக்கின்றன. எனவே ஆட்டோ படம் பெரிதும் மென்பொருளின் திறமையைக் காட்டுகிறது. புரோ மோடில் கிடைக்கும் ரா கோப்பு, அதாவது மென்பொருள் மெருகேற்றாத படத்தரவு, லென்ஸையும் சென்சாரையும் காட்டுகிறது. (ஆப்பிளின் புரோரா வேறு வகை, பல படங்களை இணைத்த பிறகே அது உருவாகிறது.)

ஓடியாடும் குழந்தைகளைப் படமெடுக்க ஃபோன் வாங்குகிறவர் ஆட்டோவைத்தான் சோதிக்க வேண்டும் என்பேன். இரண்டு ஃபோன்களின் சென்சாரை ஒப்பிட நினைப்பவர், முக்காலியில் வைத்து, ஐஎஸ்ஓவையும் ஷட்டர் வேகத்தையும் ஒன்றாக்கி, ரா கோப்புகளைப் பெரிதாக்கிப் பார்க்கட்டும்.