உலோக இடுக்கில் டெராஹெர்ட்ஸ் துடிப்பு

உலோகத் தகடு மின்காந்த அலையைத் தடுத்துவிடும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் அத்தகட்டில் மயிரிழையினும் மெல்லிய இடுக்கொன்றை அமைப்பின், அவ்விடுக்கினும் பல்லாயிரம் மடங்கு நீளமான அலையும் அதனூடே செல்லக்கூடும். டெராஹெர்ட்ஸ் அலைகளில் இவ்விந்தை நன்கு புலப்படுகிறது.

வினாடிக்கு ஒரு லட்சம் கோடி அதிர்வுகளே ஒரு டெராஹெர்ட்ஸ் ஆகும். நுண்ணலைகளுக்கும் அகச்சிவப்புக் கதிர்களுக்கும் இடைப்பட்ட இவ்வலையின் நீளம் 0.3 மில்லிமீட்டர். ஆய்வுக்கூடங்களில் இது பெரும்பாலும் மிகக் குறுகிய துடிப்பாகவே எழுப்பப்படுகிறது. நாடித் துடிப்பைப் போன்று இதற்கும் ஒரு வடிவுண்டு. பல அதிர்வெண்கள் கூடியே அவ்வடிவு அமைகிறது. அவை வெவ்வேறு வேகத்தில் செல்லின், துடிப்பு வழியிலேயே சிதைந்து நீண்டுவிடும்.

இடுக்கின் இயல்பை விளக்கப் பழைய கருவியொன்று போதும். 1890-களில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் மில்லிமீட்டர் அலைகளை ஆராய்ந்தார். பிராட்ஷா ரயில்வே கால அட்டவணை நூலொன்றின் பக்கங்களுக்கிடையே மெல்லிய வெள்ளீயத் தாள்களைச் செருகி, அதனை அலைகளின் பாதையில் வைத்தார். மின்புலம் தாள்களுக்கு இணையாக அதிரும் அலை தடைப்பட்டது. குறுக்காக அதிரும் அலை கடந்து சென்றது. ரயில் நேரம் பார்க்கவென அச்சிட்ட நூல் இங்ஙனம் பௌதிகக் கருவியாயிற்று!

இதன் காரணம் யாது? உலோகப் பரப்பில், அதற்கு இணையான மின்புலம் ஏறக்குறைய அற்றுப்போகும். ஆகவே இணையாக அதிரும் அலைக்குத் தாள்களிடையே அரை அலைநீளமேனும் இடம் வேண்டும். குறுக்கான மின்புலத்திற்கு இவ்வரம்பு இல்லை. அது ஒரு தாளின் மின்னூட்டத்தில் தோன்றி, எதிர்த்தாளின் மின்னூட்டத்தில் முடிகிறது. எல்லா அதிர்வெண்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் செல்வதால் துடிப்பும் சிதைவதில்லை. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் 2001-ல், சிற்றிடைவெளி கொண்ட இரு செப்புத் தகடுகளிடையே டெராஹெர்ட்ஸ் துடிப்பைச் செலுத்தி இதனை மெய்ப்பித்தனர்.

இடைவெளியை மேலும் குறுக்கினால் என்ன நிகழும்? தென்கொரிய ஆய்வாளர் 2009-ல் வெளியிட்ட சோதனையில், பொற்படலத்தில் வெட்டிய இடுக்கின் அகலம் 70 நானோமீட்டரே. படலத்தில் ஓடும் மின்னோட்டம் இடுக்கைத் தாண்ட இயலாமையால், இரு விளிம்புகளிலும் எதிரெதிர் மின்னூட்டங்கள் குவிந்தன. இடையிலுள்ள மின்புலம் பல நூறு மடங்கு ஓங்கிற்று.

இதற்கு இழப்பும் உண்டு. தகடுகள் நெருங்க நெருங்க, உலோகத்தின் மின்தடையால் வெப்பமாகும் ஆற்றல் மிகுகிறது; ஆகவே நீண்ட தொலைவு செலுத்துவதற்கு இத்துணைக் குறுகிய வழி உதவாது. மெல்லிய படலத்தில் அலை கடக்கும் தூரம் மிகச் சிறிதாதலால் அவ்விழப்பு பொறுக்கத்தக்கதே. மிக மெல்லிய படிவை 0.3 மில்லிமீட்டர் அலை சாதாரணமாக உணராது. அப்படிவு இடுக்கினுள் அமைந்தாலோ, வெளிவரும் துடிப்பில் அதன் சுவடு தென்படும்.