குளத்து மீனைப் புகையூட்டிப் பேணல்

சிறுபோக வேளாண்மை அறுவடையாகும் ஆவணி, புரட்டாதி மாதங்களில் குளங்களின் நீர் அடிமட்டத்திற்கு இறங்கிவிடுகின்றது. கட்டுக்கரைக்குளம், வவுனிக்குளம், உன்னிச்சைக்குளம் முதலிய பெருங்குளங்களிலும் கிராமத்துச் சிறுகுளங்களிலும், பரந்த நீரில் சிதறித் திரிந்த மீன்கள் எஞ்சிய நீரில் நெருங்கி நிற்கும். அக்காலத்தில் ஒரு குடும்பம் ஒரு வாரத்தில் உண்ணக்கூடிய மீனை ஒரு காலைப்பொழுதிலேயே பிடித்துவிடலாம். ஆனால் எல்லோரும் ஒரே காலத்திற் பிடிப்பதால் விலை வீழ்ந்துவிடுகின்றது. மாலை வரை விலைப்படாத மீன் மறுநாள் எருக்குழிக்குப் போகின்றது. இரண்டு மாதங் கழித்து மாரி தொடங்கியதும் அதே குடும்பம் கடைக்குச் சென்று கருவாட்டைக் காசு கொடுத்து வாங்குகின்றது. இவ்விழப்பைத் தவிர்க்கக் கமக்காரர் தம் வீட்டு முற்றத்திலேயே கைக்கொள்ளத்தக்க வழி, மீனைப் புகையூட்டிப் பேணுதலாகும்.

இதற்குப் பெரிதும் ஏற்றது, 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுக் குளங்களிற் பெருகிய திலாப்பியா ஆகும். விராலும் கெளுத்தியும் நன்றாகப் புகையேற்பவை. வெயிலில் உலர்த்துவதற்குத் தெளிந்த வானம் வேண்டும். ஈயும் காகமும் அங்கு ஓயாத தொல்லை. புகையூட்டலுக்கோ மழை நாளுந் தடையன்று. அடுப்பின் மேலுள்ள பரணில் விதைகளைத் தொங்கவிட்டுப் பேணிய மக்களுக்குப் புகையின் பயனைப் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எனினும் ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். புகையே மீனைக் காக்கின்றது என்பது பலரது எண்ணம். இது பாதியளவே உண்மை. புகையிலுள்ள சில பொருள்கள் பற்றீரியாக்களைத் தடுக்கின்றன. கொழுப்பு காறிப்போவதையுந் தாமதப்படுத்துகின்றன. ஆயின் அவை மீனின் மேற்பரப்பிலேயே தங்குகின்றன. உள்ளே இருக்கும் தசையைக் காப்பவை உப்பும் நீரிழப்புமே. பச்சை மீனின் நிறையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீராகும். அந்நீர் தசையின் நிறையில் நாலிலொரு பங்கிற்குக் கீழ் இறங்கினாற்றான் பற்றீரியாக்களின் பெருக்கம் நிற்கும். பொன்னிறமாக மின்னும் மீனெல்லாம் பேணப்பட்ட மீன் எனக் கொள்ளல் ஆகாது.

மீனைப் பிடித்தவுடன் நிழலில் வைத்து, செதிளையும் பூவையும் குடலையும் அகற்றுதல் வேண்டும். இவ்வேலையை வீட்டுக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என ஒத்திப்போடுவதே பெரும்பாலான கேட்டிற்குக் காரணம். முதுகுப்புறமாகப் பிளந்து விரித்து, முள்ளெலும்பை ஒட்டியுள்ள இரத்தத்தைச் சுரண்டிக் கழுவுக. இரண்டொரு நாளில் உண்ணப்போகும் மீனாயின், 1 லீற்றர் நீரில் 250 கிராம் உப்பைக் கரைத்து, அதில் ஒரு மணி நேரம் ஊறவிட்டாற் போதும். மாரிக்கென வைக்கும் மீனாயின், 5 கிலோகிராம் மீனுக்கு 1 கிலோகிராம் உப்பு என்னும் அளவில் தசையெங்கும் தேய்த்து, ஓர் இரவு மூடிவைத்து, காலையில் ஒருமுறை நீரில் அலசி எடுத்தல் வேண்டும்.

உப்பிலிருந்து எடுத்த மீனை உடனே புகையில் இடலாகாது. நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஈ மொய்க்காதவாறு வலையால் மூடி, இரண்டு மணி நேரம் வடியவிடுக. விரலால் தொட்டால் ஈரம் ஒட்டாது, மெல்லிய பளபளப்பு மேலே தோன்றும். அந்நிலையிலேயே புகை சீராகப் படியும். ஈரமீனிற் படியும் புகை கரிய வழும்பாகிக் கசக்கும்.

புகைக்கூடு அமைப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. களிமண்ணும் செங்கல்லுங் கொண்டு இடுப்பளவு உயரத்தில் நான்கு சுவர் எழுப்பி, அடியில் விறகு தள்ள ஒரு வாயிலும், மேலே மீன் கோத்த கம்பிகளைத் தாங்க விளிம்பும் விட்டாற் போதும். நெருப்புக்கும் மீனுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மீற்றர் இடைவெளி இருத்தல் நன்று. மேலே நனைத்த சாக்கைப் போர்த்தினால் புகை தங்கும். எண்ணெய்ப் பீப்பாவின் மூடியை வெட்டியும் பயன்படுத்தலாம். முதலில் அதனுள் பெருநெருப்பிட்டு எரித்துத் துப்புரவாக்குதல் அவசியம். ஆனால் பீடைநாசினி இருந்த பீப்பாவையோ வாளியையோ எத்தனை முறை எரித்தாலுங் கழுவினாலும் இவ்வேலைக்கு எடுக்கலாகாது. நாகம் பூசிய கம்பிவலையையுந் தவிர்த்து, வெறும் இரும்புக் கம்பியோ மூங்கிற் குச்சியோ கொள்க.

விறகில் நாவல், பாலை, கொய்யா ஆகியவை நல்லவை. பொச்சுமட்டையும் சிரட்டையும் எங்குங் கிடைப்பவை. தணலின்மேல் ஈர உமியைத் தூவினால் சுவாலை எழாது நெடுநேரம் புகையும். நெல் விளைவிப்போர் வீட்டில் உமிக்குக் குறைவில்லை. அலரி நஞ்சு, அதன் சுள்ளி ஒன்றுங்கூட நெருப்பிற் சேரலாகாது. தில்லை மரத்தின் புகை கண்ணைக் கெடுக்கும். வர்ணம் பூசிய பலகை, பொலித்தீன், இறப்பர் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இருந்தும் நெருப்பு மூட்ட அவற்றைத் தேடுவோர் உளர்.

இனி, மிக்க பொறுமை வேண்டும் பகுதி நெருப்பை ஆளுதல். தொடக்கத்திலேயே கடுந்தணல் இட்டால் மீனின் வெளிப்புறம் ஓடுபோல் இறுகி, உள்நீர் வெளியேற வழியின்றி நின்றுவிடும். அத்தகைய மீன் பார்வைக்கு அழகாயிருந்து நாலாம் நாள் உள்ளிருந்து நாறும். நெல்லைக் கடும்வெயிலில் விரைந்து உலர்த்தினால் மணி வெடித்து ஆலையிற் குறுணலாவதை அறிந்த கமக்காரருக்கு இதனை விளக்குதல் எளிது. ஆதலின் முதல் இரண்டு மணி நேரம் கை பொறுக்கும் இளஞ்சூட்டில் வைத்துப் பின்னரே தணலைக் கூட்டுக. மீனின் நடுப்பகுதி 63 பாகை செல்சியசு வெப்பத்தில் அரைமணி நேரமாவது இருத்தல் வேண்டும். வெப்பமானி இல்லாதார், முள்ளெலும்பின் அருகே தசையை நெம்பிப் பார்க்கலாம். சிவப்பின்றி வெண்மையாய் எலும்பை விட்டுக் கழலுமாயின் வெந்துவிட்டது.

உடன் உண்பதற்கு இது போதும். அதனை அன்றோ மறுநாளோ உண்டு தீர்க்க வேண்டும். நெடுநாள் வைக்கும் மீனை மேலும் இளஞ்சூட்டிலும் புகையிலும் வைத்து, இடையிடையே புரட்டி உலர்த்துக. ஒரே நாளில் முடியாவிடின் மறுநாளும் தொடரலாம். முடிந்ததா என அறியத் தராசே நம்பத்தக்கது: துப்புரவாக்கிய 1 கிலோகிராம் மீன், 300 முதல் 350 கிராமாகக் குறைந்திருத்தல் வேண்டும். நெருப்பின்மேற் கொழுப்புச் சொட்டிச் சுவாலை எழாதவாறு பார்த்துக்கொள்க. அப்புகையிலும் கருகிய தோலிலும் புற்றுநோய்க்கு ஏதுவான பொருள்கள் உண்டாகின்றன. இக்காரணம்பற்றியே புகைமீனை அன்றாட உணவாக்காது இடையிடையே உண்ணல் நலம். புகைக்கூடும் வீட்டுக்கு வெளியே, காற்றடிக்கும் பக்கம் பார்த்து அமைதல் வேண்டும்; மூடிய குசினியில் புகையைச் சுவாசிக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அது பெருங்கேடு.

நெருப்புத் தணியும் வேளையில் அத்தணலை வீணாக்காது, கத்தரிக்காயைச் சுட்டுச் சம்பலுக்கு எடுக்கலாம்; வற்றாளையைச் சாம்பலிற் புதைக்கலாம்.

முற்றாக ஆறிய மீனையே பனையோலைப் பெட்டியிலோ துணிப்பையிலோ இட்டுப் பரணில் வைக்க வேண்டும். ஈரமுள்ள புகைமீனைப் பொலித்தீன் பையில் காற்றுப்புகாமற் கட்டிவைத்தல் மிக ஆபத்தானது. காற்றில்லா இடத்தில் வளரும் கொடிய பற்றீரியா மணமோ நிறமோ மாறாமலே நஞ்சை உண்டாக்கக்கூடும். வண்டு விழுந்தாலும் பீடைநாசினியைத் தூவுதலோ தெளித்தலோ கூடவே கூடாது. வண்டைத் தட்டி அகற்றி, மீனை மீண்டும் சூடேற்றிப் புகையில் இடுக. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, நெகிழ்ந்திருப்பின் மறுபடி உலர்த்துக. பூஞ்சணம் பிடித்ததைக் கழித்துவிடுக.

சமைக்குமுன் சுடுநீரில் கால்மணி நேரம் ஊறவிட்டு அந்நீரைக் கொட்டினால் மிகையான உப்பு நீங்கும். பின் முருங்கைக்காயுடனோ கத்தரிக்காயுடனோ பழப்புளி விட்டுக் குழம்பாக்கலாம். அக்குழம்புக்கு வேறு உப்பு இடவேண்டியதில்லை.