புதிய சொல்லுக்கு இடம் தருதல்

மாணவர்களே, "இந்தப் படி ஏறி வந்து பாடத்தைப் படி" என்னும் தொடரைப் பாருங்கள். இதில் 'படி' என்னும் சொல் இருமுறை வருகிறது. முன்னது பெயர்ச்சொல், பின்னது ஏவல் வினை. சொல்லை மட்டும் தனியே நோக்கினால் இவ்வேறுபாடு புலப்படாது. தொடர் முழுவதையும் படித்தே அறிகிறோம். பைத்தான் என்னும் நிரல்மொழியில் ஒரு புதிய வசதியைச் சேர்க்க முற்பட்டபோது, அதனை உருவாக்குவோர்க்கும் இத்தகைய சிக்கலே எழுந்தது.

பைத்தான், நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த குய்டோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட மொழி. நாம் எழுதும் நிரலைக் கணினி நேரடியாக அறியாது. அதனை இயக்கத்தக்க கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருளே நிரல்பெயர்ப்பி. கம்பைலர் என்றும் வழங்குவர். பைத்தான் வரிக்கு வரி இயங்கும் மொழி என்றே நீங்கள் கேட்டிருக்கக்கூடும். ஆயினும் அதனுள்ளும் ஒரு நிரல்பெயர்ப்பி உண்டு. அது நிரலைச் சொற்களாகப் பிரிக்கும். இலக்கண விதிப்படி அவற்றை இணைத்து ஒரு மரம்போல் அமைக்கும். அம்மரத்திலிருந்து பைட்கோடு எனப்படும் கட்டளைகளை ஆக்கும். நம் இலக்கண வகுப்பில் தொடரைப் பகுத்துக் காட்டுகிறோமே, ஏறத்தாழ அதே வேலைதான்.

ஒரு மதிப்பு எவ்வடிவில் உள்ளது என ஒப்பிட்டு, பொருந்தும் வழியில் நிரலைச் செலுத்துவதே சேர்க்க விரும்பிய வசதி. அதற்கு 'மேட்ச்' என்னும் சொல்லைத் தேர்ந்தனர். 'இஃப்', 'வொயில்' போன்ற சொற்கள் மொழிக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவற்றை நாம் மாறிகளுக்குப் பெயராக இட இயலாது. 'மேட்ச்' என்பதையும் அவ்வாறு ஒதுக்கிவிடலாமே எனத் தோன்றும். ஆனால், பைத்தானுடனேயே வரும் 'ரீ' என்னும் தொகுதியில், உரையில் வடிவம் தேடும் செயற்கூற்றின் பெயரே 'மேட்ச்' தான்! அதனைப் பயன்படுத்தும் பழைய நிரல்கள் அனைத்தும் பிழை காட்டி நின்றுவிடும்.

இது வீண் அச்சம் அன்று. 2018இல் வெளிவந்த 3.7ஆம் பதிப்பில் 'ஏசிங்க்' என்னும் சொல் முழுமையாக ஒதுக்கப்பட்டது. முந்தைய பதிப்பிலேயே எச்சரிக்கை தந்திருந்தும், அச்சொல்லைப் பெயராகக் கொண்டிருந்த நிரல்கள் இயங்காமல் போயின. எழுதியவர் பிழை ஏதும் செய்யவில்லை. மொழிதான் அவர் காலடியில் மாறிவிட்டது.

ஆகவே 'மேட்ச்' என்பதை இடம் நோக்கிப் பொருள் கொள்ள வேண்டியிருந்தது. பைத்தானின் பழைய பகுப்பி இதற்கு உதவாது. அது அடுத்து வரும் ஒரே ஒரு சொல்லையோ குறியையோ பார்த்தே முடிவு செய்யும். 'மேட்ச்' என்பதை அடுத்துப் பிறைக்குறி வந்தால், அது செயற்கூற்றை அழைப்பதாகவும் இருக்கலாம். புதிய கூற்றின் தொடக்கமாகவும் இருக்கலாம். வரியின் இறுதியில் முக்காற்புள்ளி உள்ளதா என்று கண்டாலன்றி உண்மை விளங்காது.

2020இல் வந்த 3.9ஆம் பதிப்பில் பகுப்பியையே மாற்றினர். புதிய பகுப்பி ஒரு விதியின்படி படித்துப் பார்க்கும். பொருந்தாவிடில் தொடங்கிய இடத்திற்கே திரும்பி வேறு விதியைக் கொள்ளும். தமிழ்த் தொடரைத் தவறாகப் பிரித்து, பின் மீண்டும் படிக்கும் நம்மைப் போன்றே! ஆய்ந்த பகுதிகள் சிலவற்றின் முடிவுகளை நினைவில் வைத்துக்கொள்வதால் அதற்குக் காலம் மிகுதியாக வீணாவதில்லை.

அதன்பின் இலக்கணத்தில் புதிய விதிகளும், மரத்தில் புதிய கிளை வகைகளும் சேர்ந்தன. எண்களை ஒப்பிடுவதற்கு 'ஒப்பிடு', 'தாவு' ஆகிய பழைய கட்டளைகளே போதுமாயின. பட்டியல் முதலியவற்றின் உள்ளமைப்பை ஒப்பிடவே புதிய கட்டளைகள் வேண்டியிருந்தன. 2021 அக்டோபரில் 3.10ஆம் பதிப்புடன் இவ்வசதி வெளிவந்தது.

உங்கள் பள்ளிக் கணினியில் அப்பதிப்போ அதற்குப் பிந்தியதோ இருந்தால், 'மேட்ச்' என்னும் மாறிக்கு 5 என மதிப்பிட்டுப் பாருங்கள், ஏற்றுக்கொள்ளும். அடுத்து, ஒதுக்கப்பட்ட சொல்லாகிய 'கிளாஸ்' என்பதற்கும் அவ்வாறே மதிப்பிட்டு, என்ன விடை வருகிறது என ஏட்டில் எழுதுங்கள்.